தள்ளிப்போன முதல் தண்ணீர்

காய்ச்சல் கண்ட குழந்தையைக் குளிப்பாட்டலாமா கூடாதா என்று இப்போது டாக்டரைக் கேட்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டால் போதும் என்று அவரும் சொல்லி அனுப்புகிறார். என் மருமகள் நாய்க்குட்டிக்கு ஊசி போட்டுவிட்டு வரும்போதுகூட, இதை எப்போது குளிப்பாட்டலாம் என்று மாட்டு டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கூசும். எங்கள் வீட்டில் இந்த இரண்டு விஷயத்தையும் என் மாமாதான் முடிவு செய்தார். குளிக்க ஏங்கினவளுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. தண்ணீரைக் கண்டால் ஓடுகிற நாய்க்குத் தினமும் கிடைத்தது.

மாமா அம்மாவுக்குத் தம்பி. வேலை என்று ஒன்று அவருக்குக் கிடையாது. ஆனால் சும்மா இருந்த நாளும் கிடையாது. தீபத்துக்குத் திரி விற்பார், பொங்கலுக்குக் கரும்பு விற்பார், நடுவில் கல்யாணத் தரகு பேசுவார். பேச்சு மட்டும் பன்னிரண்டு மாதமும் விற்றது. அப்பா கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் இருந்தார். மில்லிலேயே படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு ஆம்பளை மாமாதான்.

எங்கள் வீடு கோயிலின் மேற்கே இருக்கிற பேய்க்கோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. முன் அறை, நடை, ஒரு சமையலறை, பின்னால் கிணறு. கார்த்திகை வந்தால் திருவண்ணாமலையில் இருக்கிற வீடெல்லாம் சத்திரமாகிவிடும். நாங்களும் முன் அறையைத் தீபம் பார்க்க வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, நடையில் ஒண்டிக்கொள்வோம். அந்த வாடகைதான் எங்களுக்குப் பொங்கல் துணி. அந்த வருஷம் வந்தவாசிப் பக்கத்து ஜனங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து, முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது எப்போதோ அரிசியும் எண்ணெயுமாக மாறி நாங்கள் சாப்பிட்டும் ஆகிவிட்டது.

கோயிலில் கொடி ஏற நாலு நாள் இருக்கும்போது எனக்கு உடம்பு காய்ந்தது. அதற்கடுத்த நாள் நெஞ்சிலும் முதுகிலும் முத்து முத்தாகக் கொப்புளம். எனக்கு அப்போது பதினோரு வயசு, ஐந்தாம் வகுப்பு. அம்மா பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேப்பிலைக் கொத்து ஒடித்துவந்து வாசல் நிலையில் செருகினாள். என் பாவாடை சட்டையைக் கழற்றிவிட்டு, அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைச் சுற்றி, வேப்பிலை பரப்பின பாயில் படுக்கவைத்தாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, யாரையும் வா என்றோ போ என்றோ சொல்லக் கூடாது. நோய் கண்டவள் உடம்பில் ஆத்தா இருக்கிறாள். கொப்புளம் அடங்கி, பொருக்கு தட்டி, ஒரு நல்ல நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அதுதான் முதல் தண்ணீர். அதை ஊற்றினால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள். அப்புறம்தான் நான் மறுபடியும் நானாக முடியும்.

இந்த வேப்பிலையைப் பார்த்தால் வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

"அக்கா, ஒரு அஞ்சு நாளு வேப்பிலையை உள்ளாற வச்சுக்கலாம். ஆத்தா கோச்சுக்க மாட்டா. வீட்டு நெலமை அவளுக்குத் தெரியாதா?"

"நாக்கு அழுகிப்பூடும்டா உனக்கு. அவங்க முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடு."

"குடுக்கறேன். எங்க இருக்குது அது?"

மாமா கொஞ்ச நேரம் கிணற்றடியில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். அவர் பல் குத்தினால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

கொடி ஏறின அன்றைக்கு வந்தவாசி ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தபோது நான் நடையில் படுத்திருந்தேன். அவர்களுக்குத் தலைமை ஒரு பெரிய அம்மாள். நல்ல ஆகிருதி, நெற்றி நிறையப் பொட்டு. அவருக்குப் பின்னால் அவருடைய மருமகள், இடுப்பில் ஒரு பெண்குழந்தை. அந்த அம்மாள் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது, வேப்பிலை சொருகி இருக்குது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா முன்னால் போனார்.

"ஆத்தா வந்திருக்காம்மா."

"ஐயையோ! கைக்கொழந்தைய வச்சுகினு இருக்கறோமே. சொல்லி அனுப்பக் கூடாதா?"

"யாருக்கு யாரும்மா சொல்லி அனுப்பறது? எனக்குச் சொல்லிட்டா வந்தா அவ? அப்பனைப் பார்க்க நீங்க வந்தீங்க. அப்பன் ஜோதியா நிக்கறதைப் பார்க்க அவளும் வந்திருக்கா. ஊருல இத்தினி வீடு இருக்கச் சொல்ல, நீங்க தங்கற வீடாப் பார்த்து வந்திருக்கா. அதுக்கு மேல உங்க இஷ்டம். அவ வாசலைத் தொட்டுட்டுத் திரும்பிப் போறேன்னா போங்க. நான் குறுக்க நிக்கல."

வந்தவாசி அம்மாள் காலைப் பின்னால் எடுக்கவும் பயந்தார், முன்னால் வைக்கவும் பயந்தார். ஊரிலோ எங்கேயும் இடம் கிடையாது. கடைசியில் தலையிலிருந்த மூட்டையை இறக்கிவைத்து, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. என்னை ஒரு மூலையில் படுக்கவிட்டிருந்தால் போதும். மாமா பாயை நடையின் நடுவில் இழுத்துப்போட்டார், முன் அறையிலிருந்தும் வாசலிலிருந்தும் தெரிகிற மாதிரி. தலைமாட்டில் ஒரு விளக்கு, கால்மாட்டில் கற்பூரம் வைத்த தட்டு. வந்தவாசிக் கூட்டம் காலையும் மாலையும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. அவர்களிடமிருந்து பக்கத்து வீட்டில் தங்கியிருந்தவர்களுக்குச் சேதி போனது. அடுத்த நாள் சந்தில் இருக்கிறவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் யாரென்றே தெரியாதவர்கள் வந்தார்கள்.

வந்தவர்களைப் பார்க்கக்கூட எனக்கு முடியவில்லை. குளித்து எத்தனையோ நாளாகிவிட்டது. தலை சிக்கு விழுந்து தேங்காய் நாராகக் கிடந்தது. உடைந்த கொப்புளத்தில் வேட்டி ஒட்டிக்கொண்டது. என் வாடை எனக்கே குமட்டியது. ஈ மொய்த்தது. அந்த ஈயை வேப்பிலைக் கொத்தால் விரட்டிவிட்டு ஜனங்கள் குனிந்து என் பாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அந்த வயசில் ஒரு பெண்பிள்ளைக்கு உடம்பில் என்னென்னவோ கூச்சம் ஆரம்பித்திருக்கும். அதை வெளியில் சொல்லவும் தெரியாது. வேட்டி எங்கே விலகியிருக்கிறதோ என்று கையால் தடவிக்கொண்டே படுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள், தினமும் என் தொடையில் கிள்ளுகிறவள், தன் அம்மாவோடு வந்து பயபக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"ஆத்தா, என் பையனுக்கு வேலை கெடைக்குமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

"கிழக்கால திரும்பிட்டா பாருங்க," என்றார் மாமா. "பையன் கிழக்கால போனா வேலை உண்டு."

இதற்கு நடுவில் டைகர் வேறு. பேர்தான் டைகர். மாமா எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்த செவலைக் குட்டி, இன்னும் பால் வாடைகூடப் போகவில்லை. கோழி கத்தினால் என் பாவாடைக்குள் வந்து ஒளியும். அது என் பாயோரமே படுத்துக்கொண்டிருந்தது. ஆத்தாள் பக்கத்தில் நாயா என்று வந்தவாசி அம்மாள் முகம் சுளித்தார்.

"அது நாய் இல்லீங்கம்மா, பைரவர்," என்றார் மாமா. "காவலுக்கு வந்திருக்குது. ஆனா நீங்க சொல்றதும் நியாயம்தான். சுத்தமா இருக்கணும்."

மறுநாள் விடிந்ததும் டைகரைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய், நாலு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து படுக்கவைத்தார். கார்த்திகைக் குளிர், மூடின வானம். குட்டி காய்வதற்குள் அடுத்த நாள் வந்துவிடும், அடுத்த குளியலும் வந்துவிடும். நாலு நாளில் அது வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதன் மூக்கு காய்ந்திருந்தது. அம்மா ஒரு சாக்கில் சுற்றி அடுப்போரம் வைப்பாள். கூட்டம் வந்ததும் மாமா எடுத்துவந்து மறுபடி என் பக்கத்தில் வைப்பார்.

"நாய்க்குத் தினம் ஊத்தறாரு," என்றேன் அம்மாவிடம். "எனக்கு ஏம்மா ஊத்தல? அரிக்குதும்மா."

"அது நாய்டி."

"அப்ப நான் என்னா?"

அம்மா வேப்பிலையால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவுகிற கை நின்றது.

கொப்புளமெல்லாம் அடங்கிப் பொருக்கு தட்டிவிட்டது. பொருக்கு தட்டினால் வருகிற அரிப்பு இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சொறிந்தால் வடு விழும் என்று கையைக் கட்டிப் போட்டுக்கொண்டேன். அம்மா மாமாவிடம் போனாள்.

"டேய், எல்லாம் காஞ்சிடுச்சு. நாளைக்கு மொதல் தண்ணி ஊத்திடலாம்."

"நாளைக்கு வெள்ளிக்கெழமை. வெள்ளிக்கெழமை யாராச்சும் ஆத்தாள வழியனுப்புவாங்களா? ஊரு சிரிக்கும்."

"அப்ப சனிக்கெழமை."

"அன்னைக்குத் தேரு. ஊரு சனமே தெருவுல நிக்கும்போது நம்ம வீட்டுல வேப்பிலையை எடுத்தா அபசகுனம்."

"அதுக்கு மறுநாளு?"

"மானத்தைப் பாரு, எப்பிடி மூடிகினு இருக்குதுன்னு. வெயிலே இல்லாம எதுல காயும் தண்ணி? ஈரம் ஏறி ஜன்னி வந்துச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்காத."

முதல் இரண்டும் அவர் கட்டிவிட்ட காரணம். மூன்றாவது நிஜமான காரணம். அதனால்தான் அம்மா அடங்கினாள். அம்மாவை ரொம்பவும் நல்லவளாகச் சொல்லிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. கற்பூரத் தட்டில் விழுந்த காசை மாமா சாயங்காலம் அள்ளிக்கொண்டு வந்து கொடுப்பார். அம்மா என் பக்கம் பார்க்காமல் அதை வாங்கிக்கொள்வாள். வாங்கின அன்றைக்கெல்லாம் எனக்கு ஓர் இளநீர் ஜாஸ்தி கிடைக்கும். நானும் குடித்தேன்.

தேர் அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். வந்தவாசி அம்மாளின் மருமகள் மட்டும் குழந்தையோடு முன் அறையில் இருந்தாள். இருபது வயசுகூட இருக்காது. வந்த நாளிலிருந்து அவள் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. மெதுவாக வந்து என் பாயோரம் உட்கார்ந்தாள். டைகரின் தலையைத் தடவினாள். அப்புறம் குழந்தையை எடுத்து என் மடியில் விட்டாள்.

"ஆத்தா, நீயே பார்த்துச் சொல்லு. இவளுக்கு ரெண்டு நாளா உடம்பு காயுது. பல்லு மொளைக்குதுன்னு எங்க அத்தை சொல்றாங்க. தீபத்தன்னைக்கு மொட்டை போட்டுத் தலைக்கு ஊத்தறதா வேண்டுதல். காயற உடம்புக்கு ஊத்தலாமா?"

"எனக்கு என்னாங்கக்கா தெரியும்? நான் ஆத்தா இல்ல."

"அப்பிடித்தான் சொல்லுவே நீ," என்றாள் அவள். சிரிக்கவில்லை. "ஊத்த வேணாம்னு நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லு ஆத்தா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

குழந்தை வேட்டியின் ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்தது. உடம்பு கதகதவென்று இருந்தது. அந்த அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாளில் என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசினது அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கே ஊத்த மாட்டேன்றாங்கக்கா. ராவும் பகலும் அரிக்குது. எனக்கு மொதல்ல ஊத்தச் சொல்லுங்க."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

தேர் பார்த்துத் திரும்பின மாமியாரிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்டது. குழந்தையின் தலைக்கு இப்போது ஊற்றக் கூடாது, ஆத்தாளுக்குத்தான் முதலில் ஊற்ற வேண்டும், ஆத்தாளே வாய் திறந்து கேட்டுவிட்டாள் என்றாள். தன் குழந்தையின் தலையைத் தப்பவைக்க அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டாளா!" என்று வந்தவாசி அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். "நாம எல்லாரும் இங்க இருந்துகினு, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம வச்சிருக்கோமே!"

மாமா பல் குத்த ஆரம்பித்தார். ஆனால் இந்தத் தடவை யோசனை ஒன்றும் வரவில்லை. ஆத்தா சொன்னாள், ஆத்தா சொன்னாள் என்று இத்தனை நாள் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஆத்தாளே ஒன்று சொன்னால் அதை வேண்டாம் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

தீபத்தன்று காலையில் ஊற்றுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அம்மா விடியும்போதே எழுந்து, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, முற்றத்தில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். மலையே தெரியவில்லை, அவ்வளவு மேகம். சரி, அடுப்பில் வைத்துக் கொஞ்சம் சூடு காட்டிக்கொள்கிறேன் என்றாள். வந்தவாசி அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆத்தாளுக்கு என்னாம்மா வெந்நீரு? கோயில்ல செலைக்கு ஊத்தச் சொல்ல காய்ச்சியா ஊத்தறாங்க?"

என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் ஒரு பலகையில் உட்காரவைத்தார்கள். பின்கட்டு முழுக்க ஜனம். பக்கத்து வீட்டு மதில்மேல் பையன்கள். ஆம்பளைகளும் நின்றார்கள், கும்பிட்டுக்கொண்டு. அம்மா அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டாள். அதை ஊற்றுவதற்குள் பின்னாலிருந்து யாரோ ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார்கள். மூச்சே நின்றுவிட்டது. ஒரு குடம் முடிவதற்குள் இன்னொரு குடம். ஆளுக்கொரு குடம் ஊற்றினால்தான் புண்ணியம் என்று இடித்துக்கொண்டு வந்தார்கள். வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான் இரண்டு கையாலும் நெஞ்சைக் கட்டிக்கொண்டு முழங்காலில் முகத்தைப் புதைத்தேன். அதைப் பார்த்து, "ஆத்தா குளுந்துட்டா, குளுந்துட்டா" என்று குலவை போட்டார்கள்.

அம்மா சொம்பைப் போட்டுவிட்டு என் மேல் வந்து விழுந்தாள். முந்தானையை விரித்து என்னை மூடிக்கொண்டாள்.

"போதும்! விடுங்கம்மா! என் பொண்ணும்மா இது! புள்ளைம்மா!"

அம்மா அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கூட்டம் ஒரு நிமிஷம் நின்றது. அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது, கண் சிவந்திருந்தது. வந்தவாசி அம்மாள் கையைத் தலைக்குமேல் தூக்கினார்.

"இவ மேலயும் எறங்கிட்டாடி! ஊத்துங்கடி!"

அதற்கப்புறம் வந்த குடமெல்லாம் அம்மா முதுகில் விழுந்தது. குடம் கவிழும்போதெல்லாம் அம்மாவின் வயிறு எக்கிக்கொண்டதை நான் அவளுக்குக் கீழே இருந்து உணர்ந்தேன். புண்ணியம் பைரவருக்கும் போகட்டும் என்று யாரோ டைகர் மேலும் ஒரு குடம் ஊற்றினார்கள். அது எழுந்து நின்று, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உடம்பை ஓர் உதறு உதறி, மஞ்சள் தண்ணீரை மாமாவின் வெள்ளைச் சட்டையில் அடித்துவிட்டு, சந்தைத் தாண்டி ஓடியது. டீக்கடை பாய்லருக்கு அடியில் போய்ச் சுருண்டது. அந்தச் சூட்டில் பிழைத்துக்கொண்டது. ஆனால் எங்கள் வீட்டுப் படியை அப்புறம் அது ஏறவே இல்லை. அந்த வீட்டில் மானம் உள்ளது அது ஒன்றுதான் என்று பின்னால் நான் நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றினார்கள். ஊரே ஒரே குரலாக அரோகரா போட்டது. நான் மூன்று போர்வைக்கு அடியில் பல் கிட்டிக் கிடந்தேன். பக்கத்தில் அம்மாவும் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். மில்லில் அரவை ஜாஸ்தி என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வராத அப்பா அப்போதுதான் வந்தார். தட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மாமாவின் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் வைத்துவிட்டு வந்தார். மாமா ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போனார். அவர் பேசாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

காய்ச்சல் தானாக இறங்கியது. வடுகூட அதிகம் விழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே, "ஆத்தா வந்துட்டா, குடத்தைத் தூக்குங்கடி" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். மதில்மேல் நின்ற பையன்கள் பார்த்ததையெல்லாம் சொல்லி இருந்தார்கள். அந்த வருஷப் படிப்பை எப்படியோ முடித்தேன். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றார்கள். நான் போகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த வருஷம் முன் அறையை யாருக்கும் விடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனாலும் கொடி ஏறின வாரத்தில் வந்தவாசி அம்மாள் வாசலில் வந்து நின்றார். தேங்காய், பழம், எனக்கு ஒரு மஞ்சள் பாவாடை, எல்லாம் தாம்பாளத்தில் இருந்தது. பின்னால் மருமகள். குழந்தை இப்போது நடந்தது. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் வட்ட வட்டமாக வடு.

"உங்க வீட்டு ஆத்தா எங்க கூடவே வந்துட்டாம்மா!" என்றார் அந்த அம்மாள் அவ்வளவு சந்தோஷமாக. "ஊருக்குப் போயி கொஞ்ச நாள்லயே இவ மேல எறங்கிட்டா. என்னா பாக்கியம்!"

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி எப்பம்மா ஊத்துனீங்க?"

"நாளெல்லாம் பார்க்கல. இங்க ஊத்தினோமே, அதேமாரிதான். முத்து எறங்கறதுக்குள்ளயே ஊரு சனத்தைக் கூட்டி, கெணத்தடியில ஒக்கார வச்சு, ஆளுக்கொரு கொடம். அதுக்கப்புறம் ஜன்னி கண்டு பயங்காட்டிட்டா. ஆத்தா புண்ணியம், பொழைச்சுக்கினா."

அம்மா அந்தத் தாம்பாளத்தை வாங்கவில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. மருமகள் என்னைக் கும்பிடவில்லை. போன வருஷம் போலவே என் முகத்தைத்தான் பார்த்தாள், ரொம்ப நேரம். அம்மா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாளாம். உள்ளே வெள்ளித் தகட்டில் தட்டின ஒரு ஜோடி காது, கோயில் உண்டியலில் போடுவதற்காக. நோய் வந்த அங்கத்தை வெள்ளியில் செய்து காணிக்கை போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அம்மா இதை எனக்குச் சொன்னது, நானே ஒரு பிள்ளை பெற்று, அதற்குக் காய்ச்சல் கண்டு, தண்ணீர் ஊற்றலாமா என்று அவளைக் கேட்ட அன்றைக்குத்தான். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கெடுத்தது அந்தத் தண்ணீரா, முதலில் அந்தக் குழந்தையை வாங்கின என் மடியா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. சமையலறையில் ஏன் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று புரியாமல், நான் குழந்தையோடு முன் அறையில் இருந்தேன். அது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழைப்பழத் தோலைக் கிழித்துக் கிழித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தது. "பாப்பா, இங்க பாரு" என்றேன். திரும்பவில்லை. கையைத் தட்டினேன். நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். யார் கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிற, என் மாதிரியே கூச்சம் பிடித்த பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அதன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அதற்கு மேல் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று, சத்தம் போடாமல் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.